கடற்கரையில் பிறந்த களிம்பு

1820-ஆம் ஆண்டு. லண்டன் மாநகரில் அறுவை மருத்துவராக விளங்கிய எவரார்ட் ஹோம் தம் இரு கைகளையும் வெயிலில் நீட்டிக்கொண்டு அமர்ந்தார். ஒரு கை திறந்திருந்தது. மற்றொரு கையின்மேல் கறுப்புத் துணியைப் போர்த்தி, அதன் அடியில் ஒரு வெப்பமானியையும் வைத்திருந்தார். கறுப்பு நிறம் வெப்பத்தை ஈர்க்கும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. எதிர்பார்த்தபடியே துணிக்கு அடியில் இருந்த கைதான் அதிகமாகச் சூடேறியது. ஆனால் சிவந்து வெந்துபோனது அந்தக் கை அன்று, திறந்திருந்த கை! திரும்பத் திரும்பச் செய்து பார்த்தும் இதே முடிவுதான் கிடைத்தது.

ஹோம் இந்தச் சோதனையில் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. கறுப்பு நிறம் வெப்பத்தை ஈர்க்குமானால், வெப்ப நாடுகளில் வாழும் மக்களின் தோல் ஏன் கறுத்திருக்கிறது? வெள்ளைத் தோல் அல்லவா அங்கு ஏற்றதாக இருந்திருக்க வேண்டும்? இப்புதிருக்கு அவர் கண்ட விடை, வெயிலில் தோலைச் சுடுவது வெப்பம் மட்டும் அன்று, ஒளியோடு சேர்ந்த வேறு ஏதோ ஒன்று. கறுப்பு நிறம் அதனைத் தடுத்து நிறுத்துகிறது என்பதாகும். 1821-இல் ராயல் கழகத்தின் ஏட்டில் இது வெளியாயிற்று. (ஹோம் அறிவியல் உலகில் நல்ல பெயர் எடுத்தவர் அல்லர். தம் மைத்துனரான ஜான் ஹன்டரின் கையெழுத்துப் படிகளைத் தீயிட்டுக் கொளுத்தியவர் இவரே. எனினும் இந்தச் சோதனையின் பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.)

ஆண்டுகள் இருநூறு கடந்துவிட்டன. கடைகளில் 'சன்ஸ்கிரீன்' என்று கேட்டு வாங்கும் வெயில் காப்புக் களிம்பைப் பற்றி இன்று நீங்கள் கேட்கும் பேச்சுகளை எண்ணிப் பாருங்கள். "இன்று வெயில் உறைக்கவில்லையே, களிம்பு எதற்கு?" "மேகம் மூடியிருக்கிறது." "50 எண் போட்ட களிம்பு. காலையில் ஒரு முறை தடவினால் மாலை வரை கவலையில்லை." "தினமும் பூசினால் வைட்டமின் டி கிடைக்காமல் போய்விடும்." "அதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு, நமக்கு எதற்கு?" இவற்றுள் சில முழுத் தவறு, சில பாதி உண்மை. இவை எங்கிருந்து முளைத்தன என்று தேடிப் போனால் ஒரு சுவையான உண்மை தென்படுகிறது. நாள்தோறும் பூசுவதற்கென்று இந்தக் களிம்பை யாரும் படைக்கவில்லை. கடற்கரையில் நெடுநேரம் வெயில் காய்வதற்காகவே அது பிறந்தது. அந்தப் பிறவிக் குணம் இன்னமும் அதைவிட்டு நீங்கவில்லை.

சுடுவது சூடு அன்று

ஹோம் தேடிய "வேறு ஏதோ ஒன்று" உண்மையில் அவருக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தால் பிரித்த நிறமாலையில், சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் இருப்பதை வெப்பமானியால் கண்டார். அடுத்த ஆண்டே, ஜெர்மனியின் யேனா நகரில் 24 வயது இளைஞரான ரிட்டர், மறு முனையைச் சோதித்தார். ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளிக் குளோரைடைத் தடவிய தாளை நிறமாலையில் வைத்தபோது, ஊதாவுக்கு அப்பால், எந்த நிறமும் தெரியாத இடத்தில், தாள் மிகுதியாகக் கறுத்தது. இவையே புற ஊதாக் கதிர்கள்.

இந்தக் கதிர்கள்தாம் தோலைச் சிவக்க வைக்கின்றன என்று ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியவர் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் எரிக் விட்மார்க். 1889-இல் அவர் மின் வில்விளக்கின் ஒளியைத் தோலின்மேல் செலுத்தினார். நடுவில் தண்ணீரை வைத்து வெப்பக் கதிர்களை வடிகட்டிய பிறகும் தோல் சிவந்தது. கண்ணாடியை வைத்துப் புற ஊதாக் கதிர்களைத் தடுத்தபோதோ தோலுக்கு ஒன்றும் நேரவில்லை. டென்மார்க்கில் நீல்ஸ் ஃபின்சென் இன்னும் எளிய வழியைக் கண்டார். தம் முன்கையில் கறுப்பு மையால் ஒரு பட்டை தீட்டிக்கொண்டு வெயிலில் அமர்ந்தார். மையைக் கழுவியபோது, சிவந்துபோன கையின் நடுவே பட்டை மட்டும் வெள்ளையாக நின்றது.

இதை மனத்தில் கொண்டால் முதல் இரண்டு பேச்சுகளும் அடிபட்டுப் போகின்றன. நம் உடல் உணர்வது வெப்பத்தை. புற ஊதாக் கதிரை உணரும் புலன் நமக்கு இல்லை. மெல்லிய மேகத்தின் ஊடே புற ஊதாக் கதிர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் புகுந்து வரக்கூடும். மலை ஏற ஏற ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் அவை 10 முதல் 12 விழுக்காடு வரை கூடுகின்றன. புதிதாக விழுந்த வெண்பனியோ, தன்மேல் விழும் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது. குளிரில் நடுங்கிக்கொண்டே ஒருவர் முகம் வெந்து போகலாம்.

கண்ணாடியைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 1932-இல் கோபன்ஹேகனில் கூடிய ஒளியியல் மாநாட்டில் புற ஊதாக் கதிர்களை ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்தார்கள். 280 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுடைய 'சி' வகையை வளிமண்டலமே விழுங்கிவிடுகிறது. 280 முதல் 315 வரையுள்ள 'பி' வகையே தோலைச் சிவக்கச் செய்வதில் முதன்மையானது. இதைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். 315 முதல் 400 வரையுள்ள 'ஏ' வகை கண்ணாடியைத் துளைத்துச் செல்லும். தோலுக்குள்ளும் ஆழமாக இறங்கும். 2012-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த படம் உலகெங்கும் பேசப்பட்டது. 28 ஆண்டுகள் சரக்கு லாரி ஓட்டிய 69 வயது முதியவரின் முகம் அது. சன்னலை ஒட்டியிருந்த இடப்பக்கம் மட்டும் தடித்து, சுருங்கி, மறுபக்கத்தைவிடப் பல ஆண்டுகள் மூத்ததாகத் தோன்றியது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார்; இங்கே அது வலக் கன்னமாக இருந்திருக்கும்.

வெயில் நாகரிகமான கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெயிலின் தீங்கை மருத்துவர் சிலர் கண்டுகொண்டனர். ஹாம்பர்க் நகரின் பால் உன்னா 1894-இல், கப்பலோட்டிகளின் தோலில் ஏற்படும் மாற்றங்களையும் அதில் தோன்றும் புற்றையும் விவரித்தார். ஃபிரான்சில் போர்தோ நகர மருத்துவர் துப்ரேய், சுற்றுப்புறத் திராட்சைத் தோட்டங்களில் உழைப்போருக்கு முகத்திலும் கைகளிலும் இந்நோய் மிகுந்து காணப்படுவதைச் சுட்டிக் காட்டினார்.

இக்குரல்கள் எடுபடவில்லை. ஏனெனில் அதே வேளையில் வெயில் மருந்தாகிக்கொண்டிருந்தது. ஃபின்சென் ஒளியைக் கொண்டு தோல் காசநோயைக் குணப்படுத்தி 1903-இல் நோபல் பரிசு பெற்றார். 1919-இல் பெர்லின் மருத்துவர் ஹுல்ட்ஷின்ஸ்கி, எலும்பு வளைந்துபோன குழந்தைகளைப் புற ஊதா விளக்கின் முன் வைத்து, ரிக்கெட்ஸ் நோயைக் குணமாக்கினார். புகை படிந்த ஆலை நகரங்களில் வெளிறிக் கிடந்த ஐரோப்பியர் வெயிலை நோக்கி ஓடினர். அதுவரை வயலில் உழைப்பவரின் அடையாளமாக இருந்த பழுப்புத் தோல், இப்போது விடுமுறைக்குக் கடற்கரை செல்ல வசதி உள்ளவரின் அடையாளமாயிற்று. பாரிஸ் நகர ஆடைக் கலைஞர் ஒருவர் தற்செயலாக வெயிலில் கறுத்துத் திரும்பியதால் இந்த நாகரிகம் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். மருத்துவர்களின் பங்கே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

களிம்பு பிறந்தது இச்சூழலில்தான். 1928-இல் அமெரிக்காவில் பென்சைல் சாலிசிலேட்டு, பென்சைல் சின்னமேட்டு ஆகிய இரு பொருள்கள் கலந்த பூச்சு விற்பனைக்கு வந்தது. 1930-களின் நடுவில் ஃபிரான்சில் ஷுவெல்லர் என்னும் வேதியியலாளரின் லோரியால் நிறுவனம் 'ஆம்பர் சொலேர்' எண்ணெயை வெளியிட்டது. இவற்றின் நோக்கம் வெயிலைத் தவிர்ப்பது அன்று. சிவந்து எரியாமல் அழகாகப் பழுப்பேற வேண்டும்; அதற்காக நெடுநேரம் வெயிலில் கிடக்க வேண்டும். இதில் ஒரு கொடிய முரண்பாடு உண்டு. முதல் பூச்சு விற்பனைக்கு வந்த அதே 1928-இல்தான் ஃபின்ட்லே என்பவர், பாதரச விளக்கின் புற ஊதாக் கதிர்கள் எலிகளின் தோலில் புற்றை உண்டாக்குவதை நிறுவினார்.

எண் சொல்வது என்ன?

1938-இல் ஃபிரான்ஸ் கிரைட்டர் என்னும் ஆஸ்திரிய வேதியியல் மாணவர், தம் நாட்டுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எல்லையான பிட்ஸ் புயின் சிகரத்தில் ஏறியபோது வெயிலால் வெந்து போனார். வெண்பனி செய்த வேலை அது. 1946-இல் அவர் ஒரு 'பனிமலைக் களிம்பை' உருவாக்கினார். இன்றைய அளவையில் அதன் காப்பு எண் வெறும் 2 இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். களிம்பின் வலிமையை எண்ணால் குறிக்கலாம் என்று ஜெர்மானியரான ஷுல்ட்சே 1956-இல் ஒரு முறையை வகுத்திருந்தார். அதனைச் சீராக்கி 1974-இல் எஸ்.பி.எஃப். என்ற பெயரில் பரப்பியவர் இதே கிரைட்டர். 1978-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டது.

இந்த எண்ணை எப்படிக் காண்கிறார்கள் தெரியுமா? தன்னார்வலர் முதுகில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 2 மில்லிகிராம் களிம்பைப் பூசுவார்கள். தோல் முதன்முதலில் சிவக்க எவ்வளவு புற ஊதாக் கதிர் தேவைப்படுகிறது என்று அளப்பார்கள். களிம்பு பூசாத இடத்துக்கும் இவ்வாறே அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவதே அந்த எண். 15 என்றால் சிவக்கவைக்கும் கதிர்களில் ஏறக்குறைய 93 விழுக்காடு தடுக்கப்படும். 30 என்றால் 97. 50 என்றால் 98.

கடற்கரைப் பிறவிக் குணம் இங்கே வெளிப்படுகிறது. "எத்தனை மடங்கு நேரம் வெயிலில் இருக்கலாம்?" என்று கேட்டவர்களுக்காக எழுந்த எண் இது. அது அளப்பது சிவப்பை மட்டுமே. 'ஏ' வகைக் கதிர்கள் எளிதில் சிவப்பை உண்டாக்குவதில்லை. ஆகவே அவற்றை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. இரு வகையையும் தடுக்கும் களிம்புக்கு உறையில் தனிக் குறிப்பு இருக்கும். வாங்கும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் அதையும் தேடுங்கள்.

மேலும், ஆய்வுக்கூடத்தில் பூசும் கனத்துக்கு வீட்டில் யாரும் பூசுவதில்லை. அதில் பாதியோ கால் பங்கோதான் பூசுகிறோம். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் சுமார் ஒரு தேக்கரண்டி வேண்டும். அவ்வளவா என்று நீங்கள் வியந்தால், உங்கள் 50 எண் களிம்பு உங்கள் முகத்தில் 50 ஆக வேலை செய்ததில்லை என்று பொருள். வியர்வையும் துடைப்பதும் அதையும் கரைத்துவிடும். வெயிலில் அலைவோர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும் என்பது இதனால்தான்.

பெரிய எண் மனத்தில் என்ன செய்கிறது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. 1999-இல் வெளியான ஆய்வொன்றில், விடுமுறைக்குச் சென்ற ஃபிரெஞ்சு, சுவிஸ் மாணவர் 87 பேருக்கு, எண் தெரியாதபடி 10 அல்லது 30 எண் களிம்பைக் கொடுத்தார்கள். 10 பெற்றோர் சராசரி 58 மணி நேரம் வெயிலில் இருந்தனர். 30 பெற்றோர் ஏறக்குறைய 73 மணி நேரம்! தோல் வெந்த தடவைகளில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை. வலிமையான களிம்பு கொடுத்த காப்பை, கூடுதலாக வெயிலில் கிடந்தே செலவழித்துவிட்டார்கள்.

நாம்பூர் மக்கள் செய்த சோதனை

அப்படியானால் நாள்தோறும் களிம்பு பூசுவதால் பயன் உண்டா? களிம்பு தோன்றி அறுபது ஆண்டுகள் ஆகியும் இக்கேள்விக்கு நேரடியான விடை இல்லாமல் இருந்தது. விடை கிடைத்த இடம் ஆஸ்திரேலியா. வெளிறிய தோலுடைய ஐரோப்பியர் குடியேறிய வெயில் நாடு அது. அங்கே மூவரில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதேனும் ஒருவகைத் தோல் புற்று கண்டறியப்படுகிறது. 1981-இல் விக்டோரியா மாநிலத்தில் தொடங்கிய புகழ்பெற்ற பிரசாரம் மக்களுக்குச் சொன்ன வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சட்டை, அடுத்துக் களிம்பு, பிறகு தொப்பி.

குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பிரிஸ்பேனுக்கு வடக்கே நாம்பூர் என்றொரு சிற்றூர் உண்டு. (பெயரைக் கேட்டால் நம் பக்கத்து ஊர்போல ஒலிக்கிறது.) அங்கு 1992-இல் டாக்டர் ஆடேல் கிரீன் தலைமையில் 1621 பேர் ஒரு சோதனைக்கு இசைந்தனர். அவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதியினர் நாள்தோறும் காலையில் தலை, கழுத்து, கைகளில் களிம்பு பூச வேண்டும். வியர்த்தாலோ குளித்தாலோ மீண்டும் பூச வேண்டும். மறு பாதியினர் தம் வழக்கப்படி விரும்பினால் பூசலாம். அவர்களைப் பூசாதே என்று தடுப்பது அறமாகாது அன்றோ? கொடுத்த புட்டிகளைத் திரும்ப வாங்கி எடை போட்டு, உண்மையிலேயே பூசினார்களா என்றும் பார்த்தார்கள். களிம்பின் எண் வெறும் 16.

நான்கரை ஆண்டுகளுக்குப் பின், நாள்தோறும் பூசியவர்களிடம் செதிள் உயிரணுப் புற்றுக் கட்டிகள் சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்தன. 1999-இல் வெளியான செய்தி இது. ஆனால் அடித்தள உயிரணுப் புற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சோதனை முடிந்து பத்தாண்டுகள் வரை தொடர்ந்து கண்காணித்ததில், உயிரைக் குடிக்கும் மெலனோமா நாள்தோறும் பூசியவர்களில் 11 பேருக்கும், மற்றவர்களில் 22 பேருக்கும் வந்திருந்தது. எண்ணிக்கை சிறியதுதான், ஐயுறுவோர் ஐயுறலாம். ஆயினும் இதைவிட நல்ல சோதனை இதுவரை வேறொன்று இல்லை. 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் புறங்கை வரிகளைச் சிலிக்கோன் அச்சில் எடுத்து ஒப்பிட்டதில், தோல் மூப்பும் 24 விழுக்காடு குறைவாக இருந்தது.

இங்கு வென்றது எண்ணின் பெருமை அன்று. 16 எண் களிம்பை மறவாமல் பூசியதே வென்றது. அவர்கள் வெயில் காயவும் போகவில்லை. தங்கள் அன்றாட வேலையைத்தான் பார்த்தார்கள்.

வைட்டமின் டி பற்றிய அச்சத்தையும் ஆஸ்திரேலியாவிலேயே சோதித்தார்கள். 1995-இல் வெளியான விக்டோரியா ஆய்வில், கோடை முழுவதும் களிம்பு பூசிய சாராருக்கும் வெறும் பூச்சு பூசிய சாராருக்கும் இரத்தத்தில் வைட்டமின் டி ஏறக்குறைய ஒரே அளவு கூடியது. அண்மையில் 50-க்கு மேற்பட்ட எண்ணுடைய களிம்பை வைத்து நடந்த சோதனையிலோ, நாள்தோறும் பூசியவர்களிடம் குறைபாடு ஓரளவு மிகுந்திருந்தது. ஆகவே இந்த அச்சம் பாதி உண்மை எனலாம். ஆனால் களிம்பையே தொடாத கோடிக்கணக்கான இந்தியருக்கும் வைட்டமின் டி குறைவாக இருக்கிறது. பழியைக் களிம்பின்மேல் மட்டும் போட முடியாது. குறைபாடு இருந்தால் மருத்துவர் தரும் மாத்திரையால் சரிசெய்யலாம்.

களிம்பில் உள்ள சில வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கலப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2019-இலும் 2020-இலும் அளந்து காட்டினர். கலக்கிறது என்பதால் கெடுக்கிறது என்று ஆகாது. அதற்கு மேலும் ஆய்வு வேண்டும் என்பதே அவர்கள் சொன்னது. ஐயம் உள்ளவர்கள் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு ஆகியவற்றாலான களிம்பை நாடலாம்.

நம் தோலுக்குத் தேவையா?

இனி, நீங்கள் முதலிலிருந்தே கேட்க நினைத்த கேள்வி. நாம்பூர் முடிவை அப்படியே தூக்கி வந்து நம் ஊரில் நட்டுவிட முடியாது. தோலின் மெலனின் என்னும் நிறமியே இயற்கை தந்த காப்பு. ஹோம் 1820-இல் ஊகித்ததும் அதுவே. 1979-இல் அளந்து பார்த்தபோது, கறுப்பினத்தவர் மேல்தோலின் காப்பு சராசரி 13 அளவுக்கும், வெள்ளையர் மேல்தோலின் காப்பு 3 அளவுக்கும் இருந்தது. கறுத்த தோலில் வெயிலால் வரும் புற்று அரிது. கறுத்த தோலினருக்கு மெலனோமா வந்தாலும் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை போன்ற இடங்களில் வருகிறது. களிம்புக்கு அங்கே வேலையில்லை. ஆதலால் ஆஸ்திரேலியப் புள்ளிவிவரத்தைக் காட்டி நம்மை அச்சுறுத்தும் விளம்பரம் நேர்மையானது அன்று. களிம்பு பூசினால் சிவப்பழகு வரும் என்பது அதைவிட மோசம். எனினும் 13 என்பது முழுக் காப்பு ஆகாது. கன்னத்தில் படரும் மங்கு வெயிலால் மிகும். தோலின் மூப்பும் நிற்காது.

நாள்தோறும் வேண்டுமா என்பதற்குப் புற ஊதாக் குறியீடு வழி காட்டும். 1992-இல் கனடா தொடங்கிய இந்த அளவையை இன்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. குறியீடு 3-ஐ எட்டினால் காப்பு தேவை; அதற்குக் கீழே தேவையில்லை. ஸ்டாக்ஹோமில் குளிர்காலம் முழுவதும் களிம்பின்றி நடமாடலாம். தமிழ்நாட்டில் மார்கழி நண்பகலிலும் குறியீடு 3-ஐத் தாண்டிவிடும். அதிகாலையிலும் அந்திப்பொழுதிலும் கவலையில்லை. வீட்டுக்குள் சன்னலைவிட்டுத் தள்ளி இருப்போருக்கும் அவ்வாறே. வெயிலில் உழைப்பவருக்குக் குடையும் முழுக்கைச் சட்டையும் தலைப்பாகையும் களிம்பைவிட மலிவானவை. வியர்வையில் கரைவதும் இல்லை.

நம்மிடையே இந்தப் பேச்சு விளையாட்டாக இல்லாத சிலர் இருக்கிறார்கள். தோலில் வெண்திட்டு உள்ளவர்களுக்கு அத்திட்டில் மெலனின் இல்லை. வெயில் பட்டால் எளிதில் வெந்துபோகும். பிறவியிலேயே நிறமி அமையாதவர்கள் நிலை இன்னும் கடினம். வெயில் மிகுந்த கிழக்கு ஆப்பிரிக்காவில் இவர்களில் பலரை இளவயதிலேயே தோல் புற்று கொண்டுபோகிறது. தான்சானியாவில் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் உள்ள மோஷி நகர மருத்துவமனையில், இவர்களுக்காகவே உள்ளூரில் ஒரு களிம்பைத் தயாரிக்கிறார்கள். அதன் பெயர் கிலிசன். அகன்ற தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் அணியப் பழக்கி, அந்தக் களிம்பை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் தோலைச் சோதித்தும் வருகிறார்கள்.